மூன்றாவது ஸ்டேஷனில் நண்டுக் குஞ்சுகள்

பொன்னேரிப் பக்கம் உள்ள வேதகிரி கலை அறிவியல் கல்லூரியில் விலங்கியல் படிப்பவர்கள் கடைசிப் பருவத்தில் ஓர் ஆராய்ச்சி செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் பட்டம் கிடையாது. ஆராய்ச்சி என்றால் நீல அட்டை, அட்டையில் தங்க எழுத்து, உள்ளே நன்றியுரை. முதல்வருக்கு ஒரு பக்கம், தாளாளருக்கு ஒரு பக்கம், தாளாளரின் காலஞ்சென்ற தந்தையாருக்கு இரண்டு பக்கம், ஆய்வகத்தைத் திறந்துவிடும் அட்டெண்டருக்கு ஒரு பத்தி. முடிவுகள் அரைப் பக்கம். அரைப் பக்கத்தைத் தாண்டினால் பைண்டிங் கடைக்காரரே முகம் வாடி, "இன்னா பாப்பா, ஏதாச்சும் கண்டுபுடிச்சிட்டியா?" என்று விசாரிப்பார்.

பக்கத்திலேயே பழவேற்காடு ஏரி இருப்பதால் ஆராய்ச்சிகள் எல்லாம் அங்கேதான் போய் விழும். பனிக்காலம் வந்தால் ஏரிக்குப் பூநாரைகள் வரும், மாணவர்கள் வருவார்கள். பூநாரைகளை எண்ணுவதற்கு ஆள் உண்டு. மாணவர்களை யாரும் எண்ணுவதில்லை, அவர்கள்தான் அதிகம் என்றாலும். ஏரியில் ஒரு மடவை மீன் இருந்தது; வருஷா வருஷம் அதையே எல்லோரும் பிடித்து அளந்து திரும்ப விட்டதில், ஸ்கேலைக் கண்டதும் அதுவாகவே நேராகப் படுத்துக்கொள்ளும். மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்கள் கல்லூரி நூலகத்துக்குப் போய்ப் பாருங்கள். பத்து ஆராய்ச்சிகளில் அதே மீன், அதே நீளம். ஒரு மில்லிமீட்டர் கூட வளரவில்லை. அப்படியொரு கட்டுப்பாடான மீன்.

இந்தக் கல்லூரியில்தான் தோணிமேட்டுக்குப்பத்துத் துளசிங்கத்தின் மகள் சுபஸ்ரீ படித்தாள். மீனிலிருந்து தப்பிக்கட்டும் என்றுதான் குப்பத்தில் பிள்ளைகளைப் படிக்க அனுப்புகிறார்கள். இவள் படித்துவிட்டு மறுபடியும் மீனுக்கே போனது யாருக்கும் புரியவில்லை. மேலே எம்.எஸ்ஸி. வேறு படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஏரியில் களிநண்டு குஞ்சாக இருக்கும்போது எந்தச் சேற்றில் ஒதுங்குகிறது என்று தெரிந்துகொள்வதில் அவளுக்கு நிஜமாகவே ஆசை இருந்தது. ஆராய்ச்சிப் பருவத்தில் ஒரு மாணவிக்கு இருக்கக் கூடாத குறை அது.

அவளுக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் பேராசிரியர் சீனிவாசன். ஏரியில் எங்கெங்கே எண்ணுவது என்று முடிவு செய்ய, அவர் வரைபடத்தை மேஜையில் விரித்து, கண்ணை மூடிக்கொண்டு, பேனா மூடியை அதன் மேல் போட்டார். முதல் தடவை அது கரைக்குப் பக்கத்தில் விழுந்தது. "ஸ்டேஷன் ஒன்று." இரண்டாவது தடவை சதுப்பு ஓரத்தில் விழுந்தது. "ஸ்டேஷன் ரெண்டு." மூன்றாவது தடவை உருண்டு போய்த் தெற்கோடையில் நின்றது.

"சார், ரெண்டு இடம் போதாதா? நல்லா ஆழமா பாக்கலாமே," என்றாள் சுபஸ்ரீ.

"ஒரு ஸ்டேஷன்னா பிக்னிக்மா. ரெண்டுன்னா ஒப்பீடு. மூணு இருந்தாத்தான் சயின்ஸ். என்னோட பி.எச்டி.யே மூணு ஸ்டேஷன். மூணாவதுக்கு நான் போனதுகூட இல்ல, அவ்வளவு நம்பிக்கையா பண்ணேன்."

தெற்கோடையில் ஒரு சங்கடம் இருந்தது. அது ஒரு பாடு. பாடு என்றால் ஏரியில் வலை கட்டும் இடம். நல்ல இடம் எது, மட்டமான இடம் எது என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால், சண்டை வராமல் இருக்கக் குப்பங்கள் சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்கின்றன. இந்தப் பருவம் உங்கள் பாடு, அடுத்த பருவம் எங்கள் பாடு. தெற்கோடை அப்போது அந்தோணியார் குப்பத்தின் முறையில் இருந்தது. சந்தியாகுதான் அந்தக் குப்பத்தின் தலைவர். ஆடி கழிந்தால் அது தோணிமேட்டுக்குப்பத்துக்கு வரும். சீட்டில் துளசிங்கத்தின் பெயரும் விழுந்திருந்தது. வெள்ளை இறால் ஓடும் பாடு. வருஷத்துச் சோறு அதில்தான்.

முதல் இரண்டு ஸ்டேஷனுக்கும் துளசிங்கமே மகளைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார். அவள் கையகல வலையைப் போட்டு, வந்த குஞ்சுகளை எண்ணி, தண்ணீரிலேயே விட்டாள். ஒன்றில் பதினொன்று. இன்னொன்றில் ஒன்பது. தெற்கோடைப் பக்கம் கை காட்டியதும் துளசிங்கம் கழி ஊன்றுவதை நிறுத்தினார். 

"அது யார் பாடு இப்ப?"

"அந்தோணியார் குப்பத்துப் பாடு."

"அப்பறம் இன்னாத்துக்குக் கை காட்ற?"

"ஒரே ஒரு தபா நைனா. எண்ணிட்டு தண்ணியிலயே உட்டுடப் போறேன். சந்தியாகு மாமாவக் கேட்டா குடுக்க மாட்டாரா?"

"குடுப்பான். அவன் குடுத்தா நாளைக்கி உன் சித்தப்பன் முத்துராஜ் போய் நிப்பான், அண்ணன் பொண்ணுக்குக் குடுத்தியே எனக்குக் குடுன்னு. அப்பறம் பாடு இன்னாத்துக்கு, சீட்டு இன்னாத்துக்கு? உக்காரு, வூட்டுக்குப் போலாம்."

ஸ்டேஷனை மாற்ற முடியுமா என்று சுபஸ்ரீ வழிகாட்டியிடம் போய்க் கேட்டாள். சீனிவாசன் அதிர்ந்துபோனார். மூன்று ஸ்டேஷன்களும் பாடக்குழுவின் கூட்டத்தில் வைத்து, டீ பிஸ்கட்டோடு ஒப்புதல் பெற்றவை.

"ஏரிய வேணும்னா கொஞ்சம் நகத்திப் பாக்கலாம்மா. ஸ்டேஷன நகத்த முடியாது."

கூடப் படித்த பெனிட்டாதான் யோசனை சொன்னாள். பெனிட்டா ஹாஸ்டல் சமையலறைக் கரப்பான்களை ஆராய்ந்தவள். ஹாஸ்டல் நிர்வாகம் ஆட்சேபித்ததால் தலைப்பை 'விருந்தோம்பலில் பூச்சிகளின் பங்கு' என்று மாற்றிக்கொண்டு, ஒரு கரப்பானைக்கூடப் பார்க்காமல் முடித்திருந்தாள். "எழுதிடுடீ. யாரு போய் எண்ணப் போறாங்க? ரவுண்டா மட்டும் போடாத."

வேறு ஊர்ப் பெண்ணாக இருந்தால் படகுக்காரருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துத் தெற்கோடையில் வலையைப் போட்டுவிட்டு வந்திருப்பாள். விஷயம் முடிந்திருக்கும். தோணிமேட்டுக்குப்பத்துப் பெண்ணுக்கு அது முடியாது. அடுத்தவர் பாட்டில் வலை போட்டால் அது திருட்டு. இல்லாத நண்டை இருப்பதாக எழுதினால் அது என்ன என்பதற்குக் குப்பத்தில் பெயர் கிடையாது. இதுவரை தேவைப்படவில்லை. ஆகவே சுபஸ்ரீ திருடாமல், நேர்மையாக, மூன்றாவது ஸ்டேஷனுக்கு நேரே பத்து என்று எழுதினாள்.

எண்களைப் பட்டைகளாக வரைந்திருந்த பக்கத்தைப் பார்த்துச் சீனிவாசன் உதட்டைப் பிதுக்கினார். "பதினொண்ணு, ஒம்பது, பத்து. மூணு பட்டையும் ரேஷன் க்யூ மாதிரி ஒரே உசரத்துல நிக்குது. மூணாவது பட்டை எழுந்து நிக்கணும்மா. உள்ள ஒரு விறுவிறுப்பு வேணாமா? திரும்பப் போய் எண்ணிப் பாரு."

அவள் திரும்பப் போனாள், நூலகம் வரைக்கும். நூற்று எண்பத்தேழு என்று எழுதினாள். பட்டை பக்கத்தின் மேல் விளிம்பைத் தொட்டது. சீனிவாசன் அதைத் தடவிக்கொடுத்தார்.

அன்றிலிருந்து வீட்டில் நண்டுக் குழம்பு வைத்தால் அவள் ரசம் சாதம் கேட்டாள். நண்டுக்குக் கண் தண்டின் மேல் இருக்கிறது. கூடையில் எந்தப் பக்கம் போட்டாலும் அது நம்மைத்தான் பார்க்கும். "இன்னாடீ நண்டு வேணான்ற?" என்று அம்மா கேட்டதற்கு, படிக்கிற பொருளைச் சாப்பிடக் கூடாது என்று ஒரு விதி இருப்பதாகச் சொன்னாள். அது இரண்டாவது பொய். முதல் பொய்யைவிடச் சின்னது என்றாலும், அம்மா அதை நம்பி, மகளுக்கென்று தனியாகக் கத்திரிக்காய் வாங்க ஆரம்பித்ததால் அதிகம் வலித்தது.

துறைத்தலைவர் டாக்டர் மனோரமா ஆராய்ச்சிகளை எல்லாம் கணினியில் போட்டு, யார் யாரிடம் காப்பியடித்தார்கள் என்று பார்ப்பவர். வழக்கமாகத் தொண்ணூற்றைந்து சதவீதம் காப்பி என்று வரும். ஐந்து சதவீதம் மாணவரின் பெயர். சுபஸ்ரீயின் மூன்றாவது ஸ்டேஷன் பகுதியில் மட்டும் கணினி திகைத்து நின்றுவிட்டது. அந்த எண்கள் உலகத்தில் எங்குமே இல்லை. மனோரமாவுக்குக் கண் கலங்கியது.

"இருபத்தி ரெண்டு வருஷ சர்வீஸ்ல முழுக்க முழுக்கச் சொந்தமா ஒரு பகுதிய இப்பத்தான் பாக்கறேன். எங்கேர்ந்தும் எடுக்கல! எப்பிடிம்மா?"

"தெரியல மேடம்," என்றாள். அடக்கம் என்று அதற்கும் மதிப்பெண் போட்டார்கள்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து டாக்டர் பால்ராஜ் வந்தார். வஞ்சிர வறுவல் நன்றாக இருந்ததால் மதியத்துக்கு மேல் எல்லா ஆராய்ச்சியும் நன்றாகவே இருந்தது. நீல அட்டையைத் திறந்து நன்றியுரையில் தன் பெயருக்கு முன் முனைவர் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. புரட்டிக்கொண்டே போனவர் அந்தப் பட்டையில் வந்து முட்டிக்கொண்டார்.

"நூத்தி எண்பத்தேழா? அப்ப இது நண்டுகளோட தொட்டில்!"

தொட்டில் என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்தது. மாலைக்குள் அது முதல்வரின் வாய்க்குப் போனது. மறுநாள் நாளிதழில், 'ஏரியில் நண்டுத் தொட்டில்: கல்லூரி மாணவி கண்டுபிடிப்பு' என்று முதல்வரின் படத்தோடு வெளியானது. சுபஸ்ரீ படத்தின் ஓரத்தில் பாதித் தோளாக இருந்தாள். துளசிங்கம் அந்தத் தோளை வெட்டி எடுத்து, சட்டம் போட்டு, குலதெய்வத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

சுபஸ்ரீக்கு எம்.எஸ்ஸி. இடம் தானாகக் கிடைத்தது. அதோடு நின்றிருக்கலாம். 'ஏரிவள மையம்' என்று ஓர் அலுவலகம் இருந்தது. அங்கே பாதுகாக்க ஒரு திட்டம் இருந்தது. எதைப் பாதுகாப்பது என்றுதான் தெரியாமல் இருந்தது. நாளிதழைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தெற்கோடையைச் சுற்றி ஆரஞ்சு மிதவைகள் கட்டப்பட்டன. ஆடி முடிகிற அன்றிலிருந்து உள்ளே வலை போடக் கூடாது என்று பலகை நட்டார்கள். மையத்தின் இயக்குநர் ஸ்டீபன் குப்பத்துக்கே வந்து, ஷாமியானா போட்டு, மைக்கில் பேசினார்.

"சொந்தங்களே! இந்த ஏரிய எங்க மையம் முப்பது வருஷமா காப்பாத்திட்டு வருது. முப்பது வருஷத்துக்கு முன்னாடி இங்க எவ்வளவு மீன் இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். இப்ப பாருங்க! எங்க ஆளுங்க ஒருத்தர்கூட இந்தத் தண்ணியில கால் நனைச்சு அதத் தொந்தரவு பண்ணது கிடையாது. சில பேரு கேக்கறாங்க, தண்ணியக் கெடுக்கற பெரிய இடத்துலயெல்லாம் ஏன் சார் தடை போடலன்னு. அங்க போனா உள்ளயே உட மாட்டாங்க. நீங்க நல்லவங்க, சொன்னா கேப்பீங்க. அதனாலதான் தடைய உங்ககிட்ட கொண்டு வந்துருக்கோம்!"

கல்லூரி ஆட்கள் கை தட்டினார்கள். குப்பத்தில் யாரும் தட்டவில்லை, துளசிங்கத்தைத் தவிர. தன் பாடு போனதற்குத் தானே கை தட்டிய முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார்.

அவர் தம்பி முத்துராஜ் அங்கேயே எகிறினான். "அண்ணே, உன் பொண்ணு கண்டுபுடிச்சதுக்கு என் வலை காயணுமா? நானும் பொறந்ததுலேர்ந்து தெற்கோடையில வலை போட்டுக்கினுகீறேன். நூத்தி எண்பது குஞ்சு ஒரு தபா வந்தது கெடையாது."

"உனக்குக் கண்ணு தெரியாது. எம் பொண்ணு படிச்சிக்கீறா. எண்ணிக்கீறா. அவ எண்ணுனது தப்புன்னு சொல்றவன் எம் படகுல கால் வைக்காத!"

முத்துராஜ் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். அண்ணனும் தம்பியும் அதன்பின் பேசிக்கொள்ளவில்லை. சுபஸ்ரீ ஷாமியானாவின் கம்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இத்தனை ஊரையும் தன் பட்டை ஒன்று நிமிர்ந்து நின்று மறைப்பது அவளுக்குத் தெரிந்தது.

மறுநாளே கல்லூரிக்குப் போய் வழிகாட்டியிடம் சொல்லிவிட்டாள். "சார், மூணாவது ஸ்டேஷனுக்கு நான் போகவேயில்ல. நூத்தி எண்பத்தேழு நானா எழுதினது."

சீனிவாசன் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு மிகுந்த கனிவோடு உட்கார்ந்தார்.

"இங்க பாரும்மா. நீ பொய் சொல்லியிருக்கலாம். நீ மனுஷி. தரவு பொய் சொல்லாது. நான் கையெழுத்துப் போட்டிருக்கேன், மேடம் கையெழுத்துப் போட்டிருக்காங்க, பால்ராஜ் சார் சாப்பிட்டுட்டே கையெழுத்துப் போட்டிருக்கார். மூணு டாக்டர் கையெழுத்துப் போட்ட நண்டு இல்லாமப் போயிடுமா? நீ ஏரிக்குப் போகாதது உன் தப்பு. அதுக்காக நண்ட ஏன் தண்டிக்கிற?"

மனோரமாவிடம் போனாள். அவர் பயந்தே போனார். "பைண்டிங்குக்கு முன்னாடி சொல்லியிருந்தா அது பிழை. இப்ப சொன்னா அது அவதூறு. யாரு மேலன்னு கேட்டா, உம்மேலயே. உன்ன மாதிரி ஒரு நல்ல மாணவியப் பத்தித் தப்பாப் பேச நான் யாரையும் அனுமதிக்க மாட்டேன். உன்னையும் சேத்துத்தான்."

சுபஸ்ரீ விடவில்லை. நேராக ஏரிவள மையத்துக்கே போய் இயக்குநர் ஸ்டீபனிடம் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

"அப்ப ஒரே வழி, திரும்பவும் போய் எண்ணிப் பாக்கறதுதான்," என்றார்.

"ஆமா சார், அதான் சார்," என்றாள். பல நாளைக்குப் பிறகு மூச்சு உள்ளே போனது.

"ஆனா அங்க வலை போடத் தடை இருக்கே."

"நீங்கதான சார் தடை போட்டீங்க?"

"நண்டு இருக்குன்னு தரவு வந்ததால போட்டோம். தரவு தப்புன்னு தெரிஞ்சா எடுத்துடுவோம். தப்பான்னு தெரிஞ்சிக்கணும்னா வலை போடணும். வலை போடணும்னா தடைய எடுக்கணும். சட்டம் எவ்வளவு அழகாப் பண்ணியிருக்காங்க பாத்தியாம்மா, ஒரு ஓட்டை இல்ல." சற்று யோசித்தார். "விதிவிலக்கு ஒண்ணு இருக்கு. அந்த இடத்தப் பத்தி ஆராய்ச்சி பண்ணி வெளியிட்ட நிபுணர் மட்டும் மாதிரி எடுக்கலாம். அப்பிடி இந்த உலகத்துலயே ஒருத்தர்தான் இருக்காங்க."

அந்த ஒருத்தரின் கழுத்தில், புகைப்படம் போட்ட ஓர் அட்டையை அவரே மாட்டிவிட்டார். 'தெற்கோடையில் வலையிட உரிமை பெற்றவர்.'

தெற்கோடைக்குக் காவலாக மையம் குப்பன் என்பவரைக் கரையில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தது. ஆடி கழிந்து பாடு தங்கள் முறைக்கு வந்ததும், அவரிடம் அட்டையைக் காட்டிவிட்டு, துளசிங்கம் மகளை ஏற்றிக்கொண்டு மிதவைகளுக்குள் படகை விட்டார். கோயிலுக்குள் போவது போல் செருப்பைக் கழற்றி வைத்திருந்தார். சுபஸ்ரீ வலையைப் போட்டாள், எடுத்தாள். மறுபடி போட்டாள். பொழுது ஏறும் வரை போட்டாள்.

நான்கு குஞ்சுகள் வந்தன. இறால்தான் குதித்துக்கொண்டு வந்தது.

துளசிங்கம் நான்கையும் பார்த்தார். வலையைத் தானே உதறிப் பார்த்தார். "மீதி எங்கம்மா?"

அவள் நான்கையும் தண்ணீரில் விட்டாள்.

"பாப்பா, உன்னத்தான். மீதி எங்க?"

"இல்ல நைனா. அன்னிக்கும் இல்ல. நான் வரவேயில்ல. சந்தியாகு மாமா பாடுன்னு நீ கூட்டிக்கினு வரல. நானா எழுதிட்டேன்."

துளசிங்கம் கழியைப் படகுக்குக் குறுக்கே வைத்துவிட்டு உட்கார்ந்தார். தண்ணீர் படகைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு மிதவையில் முட்டவிட்டது. அவர் கவனிக்கவில்லை.

"முத்துராஜ நான் படகுல கால் வைக்காதன்னு சொன்னேனே," என்றார், யாரிடமோ. "போட்டோவுக்கு மாலை வேற போட்டேன்."

"நாலுன்னு எழுதிக் குடுத்துடறேன் நைனா. தடைய எடுத்துடுவாங்க. நம்ம பாடு நமக்கு வந்துடும்."

"வந்தா சரி. வேற யார்கிட்டயும் சொல்லாத. வூட்லகூட."

நான்கு என்று எழுதிக்கொடுத்தாள். அவள் தெற்கோடையைப் பற்றி எழுதிய முதல் நிஜமான எண் அது. மையத்தில் அதை வாங்கிப் பழைய பட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். நூற்று எண்பத்தேழு, நான்காகிவிட்டது. இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"பேரழிவு! தடை போட்ட பிறகே இப்பிடின்னா, தடை போடலன்னா என்ன ஆயிருக்கும்? யோசிச்சுப் பாரும்மா. மைனஸ்ல போயிருக்கும்."

தடை அடுத்த வருஷத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. நிபுணர் மாதிரி எடுப்பதைத் தொடர வேண்டும் என்று ஆணை வந்தது. பால்ராஜ் தொலைபேசியில் அழைத்து, இதையே முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று வாழ்த்தினார்.

ஆணையைத் துளசிங்கம் மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "மாதிரின்னா எவ்ளோ எடுக்கணும்னு போட்டுக்கீதா?"

"தேவையான அளவுன்னு போட்டிருக்கு நைனா."

"உதவிக்கு ஆளு?"

"வெச்சிக்கலாமாம்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனார். இன்ன காரணம் என்று சொல்லாமல், "வாடா, பொண்ணுக்கு ஒதவிக்கு ஆள் வேணுமாம்," என்று மட்டும் கூப்பிட்டார். மறுநாளிலிருந்து தோணிமேட்டுக்குப்பத்தின் அத்தனை படகும் தெற்கோடையில் மாதிரி எடுத்தன. கூடை கூடையாக மாதிரி எடுத்தார்கள். மாதிரியை ஐஸ் போட்டு லாரியில் ஏற்றினார்கள். படகில் முன்னால் அட்டையை மாட்டிக்கொண்டு சுபஸ்ரீ உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கல்லூரியில் அதற்குக் களப்பணி என்று வருகைப்பதிவும் கொடுத்தார்கள். குப்பத்துப் பெண்கள் அவளைப் பிடித்து, "உன்னாலதாண்டீ அடுப்பு எரியுது," என்று நெற்றியில் நெட்டி முறித்தார்கள். ஒவ்வொரு நெட்டிக்கும் அவள் தோள் குறுகியது. முத்துராஜ் தன் படகில் அண்ணன் மகள் பெயரை எழுத பெயிண்ட் வாங்கி வந்தான். அவள் அழுது தடுத்தாள். சந்தோஷம் தாங்காமல் அழுகிறாள் என்று எழுதியேவிட்டான்.

பருவம் முடிந்தது. முறை மாறியது. தெற்கோடை அந்தோணியார் குப்பத்துக்குப் போக வேண்டும்.

அந்தோணியார் குப்பத்தில் விலங்கியல் படித்தவர்கள் இல்லை. ஒரு பையன் வணிகவியல். இரண்டு பெண்கள் நர்சிங். சந்தியாகு மையத்துக்குப் போய்ப் பார்த்தார். நிபுணரைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, வெள்ளைச் சட்டையைக் கழற்றாமல், தன் ஆட்கள் சிலருடன் துளசிங்கத்தின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

துளசிங்கம் அவரைப் பார்த்ததும், "வா மச்சான்," என்றவர், கோழிக்குத் தண்ணீர் வைக்கும் சாக்கில் பின்பக்கம் போய்விட்டார்.

"மேடம் இருக்காங்களா?" என்றார் சந்தியாகு.

சுபஸ்ரீ வெளியே வந்தாள். பிறந்ததிலிருந்து அவளைப் பாப்பா என்று கூப்பிட்டவர் அவர். "மாமா, இன்னா மாமா மேடம்னுக்கினு? உள்ள வாங்க."

"இருக்கட்டும் மேடம். கார்டு உங்ககிட்ட கீது. நாளைக்கி நாங்க வலை கட்டணும். நீங்க வந்து படகுல குந்துனாத்தான் உடுவாங்களாம். உங்களுக்கு எப்ப தோது?"

பின்னால் நின்ற ஆட்கள் தரையைப் பார்த்தார்கள். அவர்களில் பெரியவர் ஒருவர் அவளுக்கென்று ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார், ஆஸ்பத்திரிக்குப் போவது போல.

அவளால் முடியவில்லை. யாரிடமும் சொல்லாதே என்று நைனா சொன்னது நினைவிருந்தும் சொன்னாள். "மாமா, அங்க நண்டு ஒண்ணும் இல்ல மாமா. எல்லாம் நானா எழுதினது. உங்க பாடு நடந்துக்கினு இருந்துச்சு, அதுல போய் வலை போடக் கூடாதுன்னு நைனா சொன்னாரு. அதான் போடாமயே எழுதிட்டேன்."

பின்பக்கம் கோழி கூவுவதை நிறுத்தியிருந்தது. துளசிங்கமும் அங்கே அசையாமல் நின்றிருக்க வேண்டும்.

"என்னியக் கேட்டிருந்தா நானே போட்டுக் குடுத்திருப்பேனே."

"தெரியும் மாமா."

"எங்க பாட்ட மதிச்சுதான் எங்க பாட்ட எடுத்துக்கினியா?" அவர் குரலில் கோபம் இல்லை, கணக்கைச் சரிபார்ப்பது போல் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். "சரி. இப்ப நான் கேக்கறேன். நாளைக்கி வர்றீங்களா?"

போனாள். சந்தியாகுவின் படகில், முன்னால், அட்டை கரைக்குத் தெரியும்படி உட்கார்ந்தாள். குப்பன் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்துத் திருப்தியானார். அந்தோணியார் குப்பத்து ஆட்கள் தங்கள் தண்ணீரில் தங்கள் வலையைப் போட்டார்கள். ஒருவரும் பாடவில்லை, கேலி பேசவில்லை. அலுவலகத்தில் வேலை செய்பவர்கள் போல் மெல்லப் பேசினார்கள். இறால் நன்றாக விழுந்தது.

கரைக்கு வந்ததும் பங்கு பிரித்தார்கள். அடுத்தவர் பாட்டில் அனுமதி கேட்டு வலை போட்டால், பாட்டுக்காரருக்கு முதல் பங்கு எடுத்துவைப்பது இரண்டு குப்பத்துக்கும் வழக்கம். சந்தியாகு பொறுக்கி எடுத்த பெரிய இறாலாக ஒரு கூடை நிரப்பி அவள் காலடியில் வைத்தார்.

"மாமா, வேணாம். இது உங்க பாடு."

"எடுத்துக்கோங்க மேடம்."

"மாமா..."

"நீங்க எடுத்துக்கலன்னா நாங்க கேக்காமப் போட்டதா ஆயிடும். குப்பன் பாத்துக்கினுகீறான். எங்க ஆளுங்களும் பாத்துக்கினுகீறாங்க. நாளைக்கும் வரணும் நாங்க."

சுபஸ்ரீ குனிந்து கூடையை எடுத்துக்கொண்டாள். யாரோ ஓடிவந்து, நிபுணர் கையில் சுமை வேண்டாம் என்று, அதை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். அவள் வெறுங்கையோடு பின்னால் நடந்தாள். ஆட்கள் வழி விட்டார்கள்.